நல்ல கேமிங் கம்ப்யூட்டர் ஏன் திக்குகிறது?

குளச்சலில் இருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "ரைசன் 7 ப்ராசஸர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம். திரையின் மூலையில் எஃப்பிஎஸ் 90 என்றுதான் காட்டுகிறது. ஆனாலும் கேம் திக்கித் திக்கிப் போகுது. அரை மணி நேரம் ஆனதும் அந்த எஃப்பிஎஸ்ஸும் விழுந்துடுது. வாங்கின கடையில் விண்டோஸைப் புதுசாகப் போட்டுக் கொடுத்தாங்க, பலன் இல்லை. எங்க ஊர் வோல்டேஜ்தான் காரணமா சார்?"

வோல்டேஜ் காரணமில்லை. இன்றைய நல்ல பவர் சப்ளைகளில் பல 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் ஏற்றுக்கொண்டு, உள்ளே 12 வோல்ட்டாக மாற்றிக் கொடுத்துவிடும். அதையும் தாண்டி மின்னழுத்தம் சரிந்தால் கம்ப்யூட்டர் அணைந்துபோகும், அல்லது ரீஸ்டார்ட் ஆகும். திக்கிக்கொண்டே ஓடாது.

அவர் சொல்வதில் இரண்டு கோளாறுகள் கலந்திருக்கின்றன. எண் நன்றாக இருக்கும்போதே திக்குவது ஒன்று, நேரம் போகப்போக எண்ணே சரிவது இன்னொன்று. முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம்.

எஃப்பிஎஸ் என்பது ஒரு நொடியில் வரையப்பட்ட படங்களின் எண்ணிக்கை, அவ்வளவுதான். நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறீர்கள், உங்கள் ஊருக்கு மணிக்கு ஆறு பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பஸ் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டு ஆறாவது நாற்பது நிமிடம் கழித்து வந்தாலும், கணக்கில் அது மணிக்கு ஆறுதான். திரையிலும் இதேதான் நடக்கிறது. 89 படங்கள் தலா 9 மில்லிசெகண்டில் வந்துவிட்டு, ஒரே ஒரு படம் மட்டும் 199 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டால் கூட்டுத்தொகை சரியாக 1,000. மூலையில் 90 என்று தெரியும். கண்ணுக்கோ ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் திரை உறைந்து நின்றது தெரியும்.

ஆக, பார்க்க வேண்டியது ஒவ்வொரு படமும் எடுத்துக்கொண்ட நேரம். 60 ஹெர்ட்ஸ் திரைக்கு (நொடிக்கு 60 முறை படத்தை மாற்றும் திரை) 16.7 மில்லிசெகண்டுக்கு ஒரு படம் வேண்டும், 144 ஹெர்ட்ஸ் திரைக்கு 6.9 மில்லிசெகண்டுக்கு ஒன்று. கிராபிக்ஸ் கார்டுகளை இப்படி அளக்க வேண்டும் என்பதை 2011-இல் டெக் ரிப்போர்ட் தளத்தில் ஸ்காட் வாசன் விரிவாக எழுதிய பிறகுதான் மதிப்பீடு செய்பவர்கள் பலர் சராசரியோடு ஃப்ரேம் டைம், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஆகும் நேரத்தின் வரைபடத்தையும் பார்க்கத் தொடங்கினார்கள். இன்றைக்கு கேப்ஃப்ரேம்எக்ஸ், இன்டெலின் ப்ரசன்ட்மான், ரிவாட்யூனர் என்று இதை அளக்கும் மென்பொருள்கள் எல்லாமே இலவசம். ஏதாவது ஒன்றைப் போட்டு ஒரு மணி நேரம் ஆடி, வரைபடத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். விண்டோஸை மறுபடி நிறுவுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

வரைபடம் என்ன வடிவத்தில் இருக்கிறது என்பதே பாதி விடை. தொடக்கத்திலிருந்தே எல்லாம் மந்தமாக இருந்தால் சாதாரணக் காரணங்கள்தான்: மானிட்டர் வயர் கிராபிக்ஸ் கார்டில் இல்லாமல் மதர்போர்டில் செருகப்பட்டிருக்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் விண்டோஸ் அமைப்பில் 60-இலேயே நிற்கும். ரேம் ஒரே ஸ்டிக்காக இருக்கும், அல்லது இரண்டு ஸ்டிக் போட்டும் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்பில்) ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்காமல் விட்டிருப்பார்கள். கேம் பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்தால் புது இடத்துக்குள் நுழையும்போதெல்லாம் இழுக்கும். படம் வழுவழுவென்று ஓட, எதிராளி மட்டும் இங்கிருந்து அங்கே குதிக்கிறான் என்றால் அது நெட் பிரச்சினை, கம்ப்யூட்டரைத் திறக்கவே வேண்டாம்.

4060 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்தக் கார்டில் 8 ஜிபி நினைவகம் இருக்கிறது, நொடிக்கு 272 ஜிகாபைட் வேகத்தில் படிக்கலாம். டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டப்படும் படம்) அளவைக் கூட்டி அந்த 8 ஜிபி நிரம்பிவிட்டால் மிச்சம் சாதாரண ரேமுக்குப் போகும். அங்கிருந்து எடுத்துவரும் பாதையில் நொடிக்குச் சுமார் 16 ஜிகாபைட்தான் வரும். டெக்ஸ்சரை ஒரு படி குறைத்ததும் திக்கல் நின்றால் காரணம் இதுதான்.

இனி, நல்ல கம்ப்யூட்டர்களில் அதிகம் காணப்படும் வடிவம்: வரைபடம் தட்டையாகப் போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஒரு ஊசி. புது ஆயுதம், புது எதிரி, முதல் வெடிப்பு வரும்போது ஊசி எழும். அதே இடத்தை இரண்டாம் முறை கடக்கும்போது இருக்காது. ஷேடர்களை மொழிமாற்றும் வேலைதான் இது. ஒரு பரப்பில் ஒளி எப்படி விழ வேண்டும் என்று சொல்லும் சிறு நிரல்தான் ஷேடர். பிளேஸ்டேஷனில் வன்பொருள் ஒரே மாதிரி என்பதால் கேம் நிறுவனமே அதை இயந்திர மொழியாக்கி அனுப்பிவிடுகிறது. கம்ப்யூட்டரில் யாரிடம் எந்தக் கார்டு, அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் எது என்று தெரியாது. அதனால் கடைசிக்கட்ட மொழிமாற்றம் உங்கள் வீட்டில், உங்கள் ப்ராசஸரில் நடக்கிறது. கேம் அதை முன்கூட்டியே முடிக்காமல் ஆட்டத்தின் நடுவே செய்தால் அந்தப் படம் காத்து நிற்கிறது. ஒருமுறை மாற்றியது சேமிப்பில் தங்கும். டிரைவரைப் புதுப்பித்தால் சேமிப்பு பெரும்பாலும் செல்லாததாகி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். ஷேடர்களைத் தயார்செய்வதாகக் கேம் தொடக்கத்தில் காத்திருக்கச் சொன்னால் பொறுமையாக விட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். கேம் பூஸ்டர், ரேம் கிளீனர், விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி அமைப்பில் இதை மாற்று அதை அணை என்று வீடியோக்கள் ஏராளம். கீழே "எனக்கு வேலை செய்தது" என்று நூறு பேர் எழுதியிருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. முதல் தடவை ஆடினார்கள், திக்கியது. ஏதோ ஒன்றை நிறுவினார்கள், மறுபடி ஆடினார்கள், திக்கல் குறைந்தது. குறைந்ததற்குக் காரணம் முதல் ஆட்டத்திலேயே ஷேடர்கள் சேமிப்பில் ஏறிவிட்டதுதான். பெருமை பூஸ்டருக்குப் போய்விட்டது. புது வண்டியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியதால்தான் விபத்து வரவில்லை என்று நம்புவதும் இதே வழியில்தான் பிறக்கிறது. ஒன்றை மாற்றாமல் இரண்டு முறை அளந்து, மாற்றிய பின் இரண்டு முறை அளந்து பார்க்கும் பழக்கத்தைப் பள்ளியிலேயே கொடுத்திருந்தால் இந்த வியாபாரம் நடக்காது. எனக்கு இதில் உண்மையான கோபம் உண்டு, ஏனென்றால் அந்த பூஸ்டர், கிளீனர் மென்பொருள்களில் சில கம்ப்யூட்டருக்கே கேடு.

சரி, மாணவரின் இரண்டாவது கோளாறுக்கு வருவோம். அரை மணி நேரம் நன்றாக ஓடி, அப்புறம் விழுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வெப்பத்தை. ஆனால் குமரி மாவட்டம் மதுரை போலவோ வேலூர் போலவோ 40 டிகிரியில் வேகும் ஊர் இல்லையே? இங்கே நமக்கு வேர்ப்பது ஈரப்பதத்தால். ப்ராசஸருக்கு வேர்வை கிடையாது, அதனால் ஈரக்காற்று அதன் குளிர்ச்சியைக் கெடுப்பதில்லை. அப்படியானால் கடலோர வீடுகளில் ஏன் இந்தப் புகார்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அலை உடையும்போது கோடிக்கணக்கான குமிழிகள் மேலே வந்து வெடிக்கின்றன. ஒவ்வொரு குமிழியும் வெடிக்கையில் நுண்ணிய கடல்நீர்த் துளிகள் காற்றில் தெறிக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, குளச்சல், முட்டம் கரைகளில் கடல் கொந்தளிக்கும்போது இது உச்சத்தில் இருக்கும். துளியில் இருக்கும் நீர் ஆவியாகி, உப்பு மட்டும் காற்றோடு வீட்டுக்குள் வருகிறது. கம்ப்யூட்டரின் ஃபேன் நாள் முழுக்க அந்தக் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது.

வேதியியலின் ஒரு விசித்திரம் இங்கே வேலை செய்கிறது. சமையல் உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தொடும்வரை உலர்ந்த படிகமாகவே இருக்கும். அந்த எல்லையைத் தாண்டியதும் காற்றிலிருந்து நீரை உறிஞ்சித் தானே கரைந்து ஒரு துளியாகிவிடும். சரி, ஈரப்பதம் 75-க்குக் கீழே இறங்கியதும் மறுபடி படிகமாகிவிடுமா என்றால், ஆகாது! அந்த நுண்துளி பிடிவாதமாகத் துளியாகவே இருந்து, ஏறத்தாழ 45 சதவீதத்துக்கு வந்த பிறகுதான் உலரும். கரைய ஒரு வாசல், உலர வேறொரு வாசல். நம் கடலோரத்தில் ஈரப்பதம் 75-ஐத் தாண்டுவது தினசரி நடப்பது, 45-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே ஒருமுறை நனைந்த உப்பு நனைந்தே கிடக்கிறது. போதாததற்குக் கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. அதற்கு 33 சதவீத ஈரம் இருந்தாலே போதும். புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பு மழைக்காலத்தில் ஜாடிக்குள் கசிந்து நிற்பதற்கும் இதுதான் காரணம்.

இப்போது கம்ப்யூட்டருக்குள் போவோம். வெளியே 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, ப்ராசஸரின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதியான ஹீட்சிங்கின் தகடுகளுக்கு இடையே புகுந்து 40 டிகிரிக்குச் சூடானால், அதே நீராவிக்கு ஈரப்பதம் சுமார் 46 சதவீதமாகக் குறைந்துவிடும். ஆடும்போது தகட்டில் உள்ள உப்பு உலரும் விளிம்புக்கு வருகிறது. அணைத்துவிட்டுத் தூங்கப் போனால் விடிவதற்குள் மீண்டும் நனைகிறது. நனைந்த உப்பு தூசியையும் துணி நாரையும் பிடித்துக்கொள்கிறது, உலர்ந்த உப்பு அவற்றை ஒட்டிப் பூசிவிடுகிறது. இப்படி நாள்தோறும் நனைந்தும் உலர்ந்தும் தகடுகளின் இடைவெளியில் ஒரு சாம்பல் நிறப் படலம் இறுகுகிறது. உலர்ந்த ஊர்களில் புளோயர் அடித்தால் பறந்துபோகும் தூசி, நம் ஊரில் தகட்டை விட்டு நகராததற்குக் காரணம் இதுதான்.

காற்றுவழி அடைந்ததும் வெப்பம் ஏறும். தொடக்கத்தில் உலோகமும் கேபினட்டும் அறையும் குளிர்ந்திருப்பதால் கொஞ்ச நேரம் தாங்கும், அந்த அரை மணிக் கணக்கு இங்கிருந்துதான் வருகிறது. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு எல்லை 95 டிகிரி, இன்டெலின் பல ப்ராசஸர்களில் 100. எல்லையைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சிப் செலவிடும் மின்திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்தை அதிர்வெண்ணால் பெருக்கியதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் பத்துப் பத்து சதவீதம் குறைத்தால் மின்திறன் 27 சதவீதம் குறையும். அதனால் சிப் கொஞ்சம் இறங்கியதுமே குளிர்ந்துவிடுகிறது, குளிர்ந்ததும் துணிந்து ஏறுகிறது, ஏறியதும் எல்லையைத் தொட்டு மறுபடி இறங்குகிறது. வரைபடத்தில் இது ரம்பப் பல் போலத் தெரியும். லேப்டாப்புகள் பலவற்றில் ப்ராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் ஒரே வெப்பக் குழாய்களைப் பகிர்ந்துகொள்வதால் ஒன்று சூடானால் மற்றதும் சேர்ந்து தடுமாறும்.

இதை உறுதிசெய்வது எளிது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் வெப்பநிலையையும் அதிர்வெண்ணையும் ஃப்ரேம் டைம் வரைபடத்தோடு வைத்துப் பாருங்கள். அல்லது கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனைப் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் ஆடுங்கள். விழுவது நின்றால் வெப்பமேதான்.

சுத்தம் செய்யும்போது உப்பின் குணத்தை மறக்கக் கூடாது. கடைகளில் எல்லாவற்றுக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பயன்படுத்துவார்கள். சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசியிருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைக்க அது நல்லது, ஆனால் உப்பு அதில் கரையாது. உப்பைக் கரைக்கத் தண்ணீர்தான் வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, ஹீட்சிங்கைத் தனியே கழற்றி, ஃபேனையும் அதிலிருந்து பிரித்த பிறகு, வெறும் உலோகப் பகுதியைத் தண்ணீரில் கழுவலாம். கடைசி அலசலுக்கு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஏற்றது, கிணற்று நீரின் உப்பு புதிதாக ஒட்டாது. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, புது பேஸ்ட் வைத்து மாட்டுங்கள். காற்று வடிகட்டி வலைகளையும் இப்படியே கழுவலாம். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றுவது நுட்பமான வேலை, பழக்கமில்லாதவர்கள் சர்வீஸ் ஆளிடம் கொடுத்து, தண்ணீர் பற்றிய விஷயத்தை மட்டும் சொல்லிவிடுங்கள்.

2021 டிசம்பரில் ஒன்றிய அரசு குறைக்கடத்தித் துறைக்கு 76,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. சிப் செய்யும் ஆலை தேவைதான். ஆனால் இந்தியாவின் கடலோரம் நெடுக உப்புக்காற்றில் மின்னணுப் பொருள் எப்படிச் சாகிறது என்று ஆராயவும் அதில் ஒரு பங்கு போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, கடலோர அரிப்பை ஆராய மண்டபத்தில் அதற்கு ஒரு நிலையமும் உண்டு. குமரி மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு அப்படி ஒரு ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிட்டால், இந்தக் கேள்வியைக் கேட்ட தம்பியே தன் ஹீட்சிங்கைச் சோதனைப் பொருளாகக் கொண்டுபோகலாம்.

தம்பிக்கு மீதி யோசனை: கேபினட்டை மேற்குப் பார்த்த ஜன்னலை விட்டுத் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். வடிகட்டியோடு உள்ளிழுக்கும் ஃபேன்கள் வெளியேற்றும் ஃபேன்களைவிட அதிகமாக இருந்தால் காற்று இண்டு இடுக்கு வழியாக நுழையாமல் வலை வழியாகவே வரும். அணைத்து, சூடு ஆறிய பிறகு ஒரு துணியால் மூடிவிடலாம். கழுவுவதற்கு நல்ல நேரம் தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்ததும், அதாவது அக்டோபர் தொடக்கத்தில். கழுவிய பிறகு எடுக்கும் வரைபடத்திலும் ஊசிகள் மிச்சம் இருந்தால் அவை ஷேடரா நினைவகமா என்று பிரிக்க, டெக்ஸ்சரை ஒரு படி குறைத்து, அதே இடத்தில் இரண்டு முறை ஆடி இரண்டு வரைபடங்களையும் அனுப்புங்கள்.