மஸ்டர் ரோலில் (வருகைப் பதிவேட்டில்) ‘ஹெல்பர்’: பாய்லர்மேன் சான்றிதழுக்கு எழுதிப்போடும் முன்

காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்கூழ் ஆலை ஒன்றில் ஒன்பது சீசன் பாய்லர் ஓட்டியவர் அவர். விறகு ஈரமா காய்ந்ததா என்பதைக் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று வந்தபோது அவர் கையில் ஒரே ஒரு கடிதம்தான் இருந்தது. ‘இவர் எங்கள் நிறுவனத்தில் ஹெல்பராகப் பணிபுரிந்தார். நன்னடத்தை உடையவர்.’ ஒன்பது வருட நெருப்புக்கு அந்தக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்து மாங்கூழ் ஆலைகள், பாலக்கோடு, கோபாலபுரம் சர்க்கரை ஆலைகள், ஓசூர் சிப்காட் என்று எங்கே நீராவி வேண்டுமோ அங்கெல்லாம் பாய்லர் உண்டு. பழைய 1923ஆம் வருடச் சட்டம் போய், 2025 மே மாதம் முதல் புதிய பாய்லர் சட்டம் வந்துவிட்டது. உங்களுக்கு வேண்டிய விஷயம் அதில் மாறவில்லை: சட்டத்துக்கு உட்பட்ட பாய்லரைத் தகுதிச் சான்றிதழ் உள்ளவர் பொறுப்பில்தான் ஓட்ட வேண்டும். இரண்டாம் வகுப்பு அட்டெண்டன்ட், அதாவது பாய்லரை ஓட்டுபவர், 200 சதுர மீட்டர் வெப்பப் பரப்பு (பாய்லரில் சூடு படும் பரப்பு) வரை பார்க்கலாம். அதற்கு மேல் என்றால் முதல் வகுப்பு. மிகப் பெரிய பாய்லர்களுக்கு இன்ஜினியரிங் படித்தவர்கள் எழுதும் தேர்வு தனி.

இதே வேலைக்கு அமெரிக்காவில் ‘ஸ்டேஷனரி இன்ஜினியர்’ என்று பெயர். ரயில் இன்ஜின்போல ஓடாமல் நின்ற இடத்தில் இருக்கும் எந்திரத்தைப் பார்ப்பவர் என்று பொருள். வெளிநாட்டு வேலை விளம்பரத்தில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு நோட்டு, பேனா விற்கும் கடை வேலை என்று நினைத்த பையனும் உண்டு. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே நாடு முழுவதற்கும் ஒரே லைசென்ஸ் கிடையாது, சில மாநிலங்களும் நகரங்களும் தனித்தனியாகக் கொடுக்கின்றன. நம்மூர்ச் சான்றிதழைக் காட்டினால் அப்படியே வேலை கிடைக்கும் என்று சொல்லிப் பணம் கேட்கும் ஏஜென்டிடம் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இனி அனுபவக் கடிதம். பெரும்பாலானவர்கள் தோற்பது தேர்வில் இல்லை, இதில்தான். ‘ஹெல்பர்’, ‘கூலி’, ‘பிளான்ட் ஒர்க்கர்’ என்று இருந்தால் அது பாய்லர் அனுபவமே இல்லை. நீங்கள் பாய்லரில் என்ன வேலை பார்த்தீர்கள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, பாய்லரின் பதிவு எண், வெப்பப் பரப்பு எல்லாம் லெட்டர்ஹெட்டில் வர வேண்டும். பதிவு எண்ணுக்கு ஆபீசில் யாரையும் கெஞ்ச வேண்டாம். பாய்லரின் உடம்பிலேயே அழியாதபடி பொறித்திருக்க வேண்டும் என்பது சட்டம். பாய்லர் ஆறியிருக்கும் நாளில் கரியைத் துணியால் துடைத்துப் பாருங்கள், எழுத்தும் எண்ணுமாகத் தெரியும். செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணே இல்லை என்றால்? அங்கேதான் பெரிய பள்ளம். 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு உள்ள சுருள்குழாய் பாய்லர்கள் சட்டத்துக்குள் வராது. ‘நான்-ஐபிஆர்’ (ஐபிஆர் என்பது இந்திய பாய்லர் விதிமுறைகள்) என்று சொல்லி விற்கிறார்களே, ஓட்டல், கேன்டீன், சலவைக் கூடங்களில் இருப்பவை, அவைதான். எண்ணெயைச் சூடாக்கிச் சுற்றவிடும் தெர்மிக் ஃபுளூயிட் ஹீட்டரும் நீராவி தருவதில்லை, அதனால் பாய்லர் ஆகாது. ஐந்து வருடம் இவற்றின் முன் வெந்தவர் அத்தனையும் கணக்கில் வராது என்பதை விண்ணப்பம் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார். வேலைக்குச் சேரும் அன்றே ‘இது ஐபிஆர் பாய்லரா?’ என்று கேட்டுவிடுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

சீசன் கணக்கிலும் ஒரு வம்பு. மாங்கூழ் ஆலையில் நெருப்பு எரிவது சில மாதம்தான். மூன்று மாதத்தை ‘ஒரு வருடம்’ என்று மேனேஜர் தாராளமாக எழுதிக்கொடுத்தால் சந்தோஷப்படாதீர்கள். பொய் என்று தெரிந்தால் சிக்குவது அவர் மட்டுமில்லை, கையெழுத்துப் போட்டு விண்ணப்பித்த நீங்களும்தான். ஒவ்வொரு சீசன் முடிவிலும், கணக்கு முடிக்கிற அன்றே, அந்தச் சீசனுக்கு உரிய கடிதத்தை வாங்கிவிடுங்கள். மறு வருடம் மேனேஜர் மாறியிருப்பார், ஆலையின் பெயர்ப் பலகையே மாறியிருக்கும். காண்ட்ராக்டர் எழுதிக்கொடுப்பது போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். பாய்லர் அவருடையதில்லை. ஆலைத் தரப்பில் பொறுப்பானவர் கையெழுத்து வேண்டும்.

பள்ளிச் சான்றிதழில் ‘கே. முருகேசன்’, ஆதாரில் ‘முருகேசன் குப்புசாமி’, ஆலைக் கடிதத்தில் வெறும் ‘முருகேஷ்’. மூவரும் ஒரே ஆள் என்பது ஊருக்குத் தெரியும், மேஜைக்குத் தெரியாது. விண்ணப்பிக்கும் முன்பே சரி செய்யுங்கள்.

அலைச்சலைக் குறைக்க ஒன்று. இது பாய்லர் இயக்குநரகத்தின் வேலை. தலைமை அலுவலகம் சென்னையில். தொழிலாளர் அலுவலகம் வேறு, தொழிற்சாலைப் பாதுகாப்பைப் பார்க்கும் துறை வேறு, வேலைவாய்ப்பு அலுவலகம் வேறு. ‘அங்கே போய்க் கேளுப்பா’ என்று ஒருவர் மற்றவரைக் காட்டுவார், நாலு நாள் கூலி போகும். எங்கே கொடுத்தாலும் தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு இல்லாமல் வெளியே வராதீர்கள். ‘வச்சிட்டுப் போங்க’ என்பது பதில் இல்லை.

தேர்வுக்கு ஒரு கேள்வி மட்டும் சொல்கிறேன், வேலையிலும் உயிர் காக்கும் என்பதால். பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு என்று காட்டும் கேஜ் கிளாஸில் தண்ணீர் தெரியவில்லை, கிளாஸைச் சோதித்தும் வரவில்லை. என்ன செய்வாய்? பழகிய கை உடனே பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் ஃபீட் பம்பைப் போடப் போகும். போடக் கூடாது. காய்ந்து சிவந்த குழாயில் தண்ணீர் பட்டால் வெடிக்கலாம். நெருப்பை அணைக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு.

சான்றிதழ் வந்ததும் அடுத்த கும்பல் வரும். ‘ஒரிஜினலை ஆபீசில் வைக்கணும்.’ வைக்காதீர்கள், ஜெராக்ஸ் கொடுங்கள். ஒரிஜினல் அவர்கள் பீரோவில் இருந்தால் வேறு ஆலைக்கு நீங்கள் போக முடியாது. மாதம் ஏதோ தருகிறோம், பெயர் மட்டும் சுவரில் தொங்கட்டும் என்பார்கள். அங்கே நெருப்புப் போடுவது விவரம் தெரியாத வடநாட்டுப் பையனாக இருப்பான். வெடித்தால் போலீஸ் தேடுவது சுவரில் உள்ள பெயரை.

விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் பாய்லர் துறைக்குத் தெரிவிப்பது உரிமையாளரின் கடமை. ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ளவருக்கு வேலையில் காயம் பட்டு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் உண்டு. நோய் விடுப்புக்குக் கேட்பதுபோல 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு இதற்குக் கிடையாது, சேர்ந்த அன்றே அடிபட்டாலும் உண்டு. ‘சீசன் ஆலை, ஈஎஸ்ஐ இல்லை’ என்று சொன்னால், சரி, அப்படியானால் இழப்பீடு முதலாளியின் பொறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்து மட்டும் வேண்டாம், ஆஸ்பத்திரிப் படுக்கையில் யார் வந்து கேட்டாலும்.

அந்தக் காவேரிப்பட்டணத்துக்காரர் இந்தச் சீசனில் பதிவு எண்ணைப் படம் எடுத்துவிட்டார். சம்பளச் சீட்டில் ‘பாய்லர்’ என்ற சொல்லையும் வரவழைத்துவிட்டார். பழைய எட்டு சீசனுக்கான கடிதத்துக்கு மேனேஜர் இன்னும் ‘நாளைக்கு வாப்பா’ என்கிறார். அவரும் ஷிப்ட் முடித்துக் கை கழுவிக்கொண்டு தினமும் போய் நிற்கிறார்.