நர்ஸ் வேலை மறுப்பில் இனப் பாகுபாடு என்ற சந்தேகமா? அமெரிக்கச் சட்டம் தரும் வழி

அமெரிக்காவில் நர்சிங் பட்டம் வாங்கி, நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வில் தேறி, மாநில வாரியத்தின் உரிமமும் கைக்கு வந்த பிறகுதான் பலருக்கு உண்மையான அலைச்சல் தொடங்குகிறது. பெரிய மருத்துவமனைகள் பல, புதியவர்களை 'ரெசிடென்சி' என்ற பயிற்சியோடு கூடிய வேலைக்கு, ஆண்டில் சில முறை மட்டும், தொகுதி தொகுதியாக எடுக்கின்றன. இடங்கள் கொஞ்சம், விண்ணப்பங்கள் ஏராளம். ஆகவே நிராகரிப்பு யாருக்கும் வரலாம். ஆனால் ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில், ஏறத்தாழ ஒரே மதிப்பெண் வாங்கியவர்களில் வெள்ளையினத்தவர் வரிசையாக வேலையில் சேர, கறுப்பினத்தவரும் ஆசியர்களும் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருந்தால் சந்தேகம் எழத்தான் செய்யும்.

கையில் முழு ஆதாரம் சேர்ந்த பிறகே புகார் கொடுக்க முடியும் என்று நினைத்துப் பலர் மாதக்கணக்கில் காலம் கடத்துகிறார்கள். அது தேவையில்லை. நடந்ததையும், அதைப் பாகுபாடு என்று நினைக்கும் காரணத்தையும் சொன்னால் புகாரைத் தொடங்கலாம். யார் விண்ணப்பித்தார்கள், யாருக்கு எத்தனை மதிப்பெண் போட்டார்கள், யாரை எடுத்தார்கள் என்பதெல்லாம் மருத்துவமனையின் கோப்புகளில்தான் இருக்கிறது. அவற்றைக் கேட்டு வாங்கும் அதிகாரம், புகாரை விசாரிக்கும் மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்கு (EEOC) உண்டு, உங்களுக்கு இல்லை. தனியார் மருத்துவமனை இந்த ஆவணங்களை ஓராண்டு வைத்திருந்தால் போதும். புகார் பதிவாகிவிட்டாலோ, விவகாரம் முடியும்வரை எதையும் அழிக்கக்கூடாது. சீக்கிரம் போவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

அடிப்படைச் சட்டம், 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தில் வேலைவாய்ப்பைப் பற்றிய ஏழாவது பகுதி. இனம், நிறம், மதம், பாலினம், பூர்வீக நாடு ஆகியவற்றைக் காரணமாக வைத்து வேலை மறுப்பதை அது தடுக்கிறது. குறைந்தது 15 ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்குப் பொருந்தும். வேலையில் இருப்பவருக்கு மட்டுமல்ல, விண்ணப்பித்தவருக்கும் பாதுகாப்பு உண்டு. இதைச் செயல்படுத்துவது மேலே சொன்ன சம வேலைவாய்ப்பு ஆணையம். இனி ஆணையம் என்றால் இதுதான்.

புதிய நர்ஸ்களின் வழக்கு மற்ற வழக்குகளிலிருந்து ஒரு விதத்தில் வேறுபடுகிறது. வழக்கமாக நிறுவனங்கள் சொல்லும் பதில், "எடுக்கப்பட்டவருக்கு அனுபவம் அதிகம்" என்பது. இங்கே பெரும்பாலும் யாருக்குமே அனுபவம் இல்லை. பட்டம், தேர்வு, உரிமம் எல்லாம் ஒன்று. ஆகவே மருத்துவமனை வேறு காரணம் தேட வேண்டியிருக்கிறது. "எங்கள் குழுவுக்குப் பொருந்தமாட்டார்", "தொடர்புத் திறன் போதாது" என்பவை அப்படி வரும் பதில்கள். இவை சில வேளை உண்மையாகவும் இருக்கும். ஆனால் அளவுகோல் இல்லாத இப்படிப்பட்ட சொற்களுக்குப் பின்னால் பாகுபாடு ஒளிந்துகொள்வதும் எளிது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், சிகாகோ, பாஸ்டன் நகர நிறுவனங்களுக்குப் பெயரை மட்டும் மாற்றிக் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். வெள்ளையினப் பெயர் இருந்த விண்ணப்பங்களுக்குச் சுமார் 50 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. அது நர்ஸ்களைப் பற்றிய ஆய்வு அல்ல. ஆனால் பெயரைப் பார்த்தே விண்ணப்பம் ஒதுக்கப்படலாம் என்பதை அது காட்டியது.

உச்ச நீதிமன்றம் 1973இல் வகுத்த வழிமுறை இன்றும் பயன்படுகிறது. நீங்கள் தகுதியோடு விண்ணப்பித்தீர்கள், மறுக்கப்பட்டீர்கள், அதன் பிறகும் அந்த இடத்துக்கு ஆள் தேடினார்கள் அல்லது வேறு இனத்தவரை எடுத்தார்கள் என்று காட்டினால், மருத்துவமனை ஒரு நியாயமான காரணம் சொல்லியாக வேண்டும். அந்தக் காரணம் வெறும் சாக்கு என்று காட்டுவது அடுத்து உங்கள் வேலை. முதல் மின்னஞ்சலில் ஒரு காரணம், ஆணையத்துக்கு எழுதிய பதிலில் வேறொரு காரணம் என்று மாறினால் அது உங்களுக்குச் சாதகம். ஆகவே வந்த மின்னஞ்சல் எதையும் அழிக்காதீர்கள். வேலை விளம்பரம் இணையத்திலிருந்து மறைவதற்குள் அதன் பிரதியை எடுத்து வையுங்கள். நேர்காணலில் கேட்டவை, கேட்டவர் பெயர், தேதி ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். ரகசியமாக ஒலிப்பதிவு செய்ய மட்டும் முயல வேண்டாம். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் எல்லாத் தரப்பின் ஒப்புதலும் இல்லாமல் தனிப்பட்ட உரையாடலைப் பதிவு செய்வது குற்றம்.

தமிழர்கள் அதிகம் கேட்கும் இரண்டு கேள்விகள் உண்டு. ஒன்று, உச்சரிப்பு. ஒருவரது உச்சரிப்பு வேலையைச் செய்வதற்கே கணிசமாக இடையூறு ஆகிறது என்றால் மட்டுமே அதைக் காரணமாகக் காட்டலாம் என்பது ஆணையத்தின் நிலைப்பாடு. கேட்கப் பழகவில்லை என்பது காரணமாகாது. மற்றொன்று, "நோயாளிகள் விரும்பமாட்டார்கள்" என்ற பதில். இது செல்லவே செல்லாது. பாலினம், மதம் போன்றவற்றில் வேலையின் தன்மையைக் காட்டிச் சில விலக்குகள் பெறலாம். இனத்துக்கு அந்த விலக்கைச் சட்டம் தரவில்லை. கறுப்பின உதவியாளர்கள் வேண்டாம் என்ற ஒரு முதியோர் இல்லவாசியின் விருப்பத்தை நிர்வாகம் ஏற்றது தவறு என்று 2010இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்திருக்கிறது.

இந்தச் சட்டம் சிறுபான்மையினருக்கு மட்டும் உரியது அல்ல. பெரும்பான்மைப் பிரிவைச் சேர்ந்தவர் புகார் கொடுத்தாலும் அதே அளவுகோல்தான் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. தன் நாட்டுக்காரர்களை மட்டும் எடுத்து வார்டை நிரப்பும் இந்திய மேலாளரும் இதே சட்டத்துக்குள் வருவார்.

வெளிப்படையாக இனம் பேசாமல், விளைவில் ஒரு சாராரை வெளியே தள்ளும் விதிகளும் உண்டு. தெரிந்தவர் பரிந்துரைத்தால் மட்டுமே எடுப்பது ஓர் உதாரணம். வேலைக்குத் தேவையற்ற இப்படிப்பட்ட விதிகள் செல்லாது என்று 1971இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 1991இல் சட்டத்திலேயே ஏறியது. ஆனால் 2025 ஏப்ரலில் வந்த அதிபரின் ஆணை, இவ்வகைப் புகார்களுக்கு மத்திய அமைப்புகள் தரும் முன்னுரிமையைக் குறைத்துவிட்டது. சட்டம் அப்படியே இருக்கிறது, நீங்களே வழக்குப் போடலாம். ஆணையம் உங்களுக்காக உழைக்கும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

காலக்கெடுவில் பிசகினால் நல்ல வழக்கும் வீண். மறுப்பு தெரிந்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் ஆணையத்தில் புகார் பதிவாக வேண்டும். மாநில அளவில் இதேபோன்ற சட்டமும் அதைச் செயல்படுத்தும் அமைப்பும் இருந்தால் 300 நாட்கள். சனி, ஞாயிறும் கணக்கில் சேரும். முன்னாள் படைவீரர் மருத்துவமனை போன்ற மத்திய அரசு நிறுவனமாக இருந்தால் விதி வேறு. 45 நாட்களுக்குள் அந்நிறுவனத்தின் சம வாய்ப்பு ஆலோசகரை அணுக வேண்டும். இது தெரியாமல் வாய்ப்பைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. கலிபோர்னியாவின் மாநிலச் சட்டம் தாராளமானது. ஐந்து ஊழியர்கள் இருந்தாலே பொருந்தும், புகாருக்கு மூன்று ஆண்டுகள் தருகிறது.

புகாருக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. ஆணையத்தின் இணையவாசலில் விசாரணைக் கோரிக்கை பதிந்து, அதிகாரியோடு பேசி, பிறகு புகாரில் கையெழுத்திட வேண்டும். கோரிக்கை பதிந்ததே புகார் என்று நினைத்து நின்றுவிடாதீர்கள். புகார் பதிவான 10 நாட்களில் மருத்துவமனைக்குத் தகவல் போகும், உங்கள் பெயரும் தெரியவரும். அதற்காகப் பழிவாங்குவது தனிக் குற்றச்சாட்டாகும். இரு தரப்பும் ஒப்பினால் இலவச சமரசப் பேச்சு நடக்கும். இல்லையென்றால் விசாரணை, அதற்கு மாதக்கணக்கில் ஆகும். மருத்துவமனை தரும் எழுத்துப் பதிலைக் கேட்டுப் பெற்று மறுப்பு எழுத உங்களுக்கு உரிமை உண்டு. ஆணையம் தன் பங்கை முடித்ததும் வழக்குத் தொடரும் உரிமைக் கடிதம் தரும். அது கிடைத்து 90 நாட்களுக்குள் நீதிமன்றம் போயாக வேண்டும்.

வென்றால் வேலையும், இழந்த சம்பளமும் கிடைக்கலாம். மன உளைச்சலுக்கான இழப்பீடும் தண்டனைத் தொகையும் சேர்ந்து, நிறுவனத்தின் அளவைப் பொறுத்து 50,000 முதல் 3,00,000 டாலர் வரை உச்சவரம்பு. இனத்தைக் குறித்த வழக்கானால் 1866ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தின் கீழும் போகலாம். அதில் இந்த உச்சவரம்பு இல்லை, ஆணையத்துக்கும் போக வேண்டியதில்லை. ஆனால் இனத்தைக் காரணமாக வைக்காமல் இருந்திருந்தால் வேலை கிடைத்திருக்கும் என்றே நிறுவ வேண்டும்.

மாணவர் விசாவில் படித்து முடித்தவர்கள் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விசாவுக்கு ஸ்பான்சர் செய்யமாட்டோம் என்று எல்லோருக்கும் ஒரே விதியாகச் சொல்லும் மருத்துவமனையை அந்த ஒரு காரணத்துக்காக இனப் பாகுபாட்டு வழக்கில் இழுக்க முடியாது. வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்று கேட்பதும் தவறில்லை. ஐரோப்பியருக்கு ஸ்பான்சர் செய்துவிட்டு இந்தியருக்கு மட்டும் மறுத்தால் அது வேறு கதை, அதற்குப் புகார் கொடுக்கலாம்.