அப்பாவுக்கு ஒரு வரி

சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, அமெரிக்காவில் முதுநிலைப் படிப்புக்காக எழுதிய கட்டுரையை என் மேசையில் வைத்தாள். 900 சொற்கள். அவற்றில் 600 அவளுடைய அப்பாவைப் பற்றியவை. சிறுநீரகம் பழுதானது, வாரம் மூன்று நாள் கோவைக்கு டயாலிசிஸ், அடகுக்குப் போன அம்மாவின் தோடு, ஒவ்வொன்றாக விற்ற தறிகள். படித்துவிட்டுச் சற்று நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகுதான் கவனித்தேன்: எதைப் படிக்கப் போகிறாள் என்பது கடைசிப் பத்தியில் இரண்டே வரியில் ஒடுங்கிக் கிடந்தது.

பொறியியல் மாணவர்களின் விண்ணப்பக் கட்டுரைகளைத் திருத்திக்கொடுப்பது பல ஆண்டுகளாக என் வேலை. வீட்டுக் கஷ்டத்தை வெளியே சொல்வதே மானக்கேடு என்று வளர்ந்த பிள்ளைகள் நம் பக்கம் அதிகம். மதிப்பெண் பட்டியலில் இரண்டு அரியர் பல்லிளிக்கும். கட்டுரையில் அதைப் பற்றி மூச்சே இருக்காது. சோகம் இருந்தால்தான் இடம் கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் மறுகோடி. வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பித்துக் கொடுக்கும் முகவர் ஒருவர் ஒரு பையனுக்காக அவன் பாட்டிக்குப் புற்றுநோயே வரவழைத்திருந்தார். அந்தப் பாட்டி கோபியில் இன்றும் இரண்டு எருமை கறக்கிறார்.

கட்டுரையைப் படிப்பவர்கள் பெரும்பாலும் அந்தத் துறைப் பேராசிரியர்கள். இவர் இதுவரை என்ன செய்திருக்கிறார், இங்கே வந்து என்ன செய்வார் என்பதைத்தான் தேடுகிறார்கள். ட்ரூ ஆப்பிள்பியும் கேரன் ஆப்பிள்பியும் உளவியல் துறைகளின் சேர்க்கைக் குழுத் தலைவர்களிடம் கேட்டு 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். விண்ணப்பத்தைக் கெடுப்பவற்றில் ஒன்றாக, சொந்த மனநலச் சிக்கலை அளவுமீறித் திறந்துகாட்டும் கட்டுரையும் அதில் இடம்பெற்றது. இது நியாயமா என்றால், இல்லை என்றே சொல்வேன். ஆனால் அந்த நியாயத்துக்காகப் போராடும் இடம் விண்ணப்பப் படிவம் அல்ல. சிகிச்சை எடுப்பவர்கள், இடம் கிடைத்த பிறகு பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளர் உதவி அலுவலகத்தில் சொல்லலாம். தேர்வில் கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகளைக் கேட்க வேண்டிய இடமும் அதுதான்.

என்ன கேட்டிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் எதை, ஏன் படிக்க வருகிறீர்கள் என்று சொல்லும் நோக்க அறிக்கை ஒன்றும், நீங்கள் வந்த வழியைச் சொல்லும் தன்வரலாற்று அறிக்கை ஒன்றும் தனித்தனியாகக் கேட்கிறது. பட்ட கஷ்டத்துக்கு இரண்டாவதில் இயல்பாகவே இடம் உண்டு. முதலாவதில் அதைக் கொட்டினால் ஆராய்ச்சிக்கு இடம் இருக்காது.

அரியரை மட்டும் மறைக்காதீர்கள். “நான்காம் பருவத்தில் தந்தை இறந்தார், இரண்டு தாள்களில் தோற்றேன், அடுத்த பருவத்தில் இரண்டையும் முடித்தேன்” என்றால் போதும். மூன்றாவது பகுதிதான் முக்கியம், அதைத்தான் எல்லோரும் எழுத மறக்கிறார்கள். உங்கள் நிலைமை அறிந்த ஆசிரியர் பரிந்துரைக் கடிதத்தில் இதையே குறிப்பிட்டால் இன்னும் எடுபடும், கூச்சப்படாமல் கேளுங்கள்.

சோமனூர்ப் பெண்ணிடம் ஒன்று கேட்டேன்: டயாலிசிஸ் நாட்களில் தறியை யார் பார்த்துக்கொண்டது?

“நான்தானுங்க மேடம்.”

தறிக்கூடத்தை ஒட்டிய அறையில் உட்கார்ந்து படிப்பாளாம். தறியில் ஏதாவது தளர்ந்தால் சத்தம் மாறும். புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு ஓடுவாளாம். இறுதியாண்டில் அவள் செய்த புராஜெக்ட், இயந்திரத்தின் அதிர்வை அளந்து கோளாறை முன்கூட்டியே கண்டுபிடிப்பது! இரண்டுக்கும் தொடர்பு இருப்பது எனக்குச் சட்டென்று தெரிந்தது. அவளுக்குத் தோன்றவே இல்லை. காதுக்குள்ளேயே இருந்த சத்தம் அல்லவா?

புதிய கட்டுரை அந்தச் சத்தத்தில் தொடங்கியது. நோய் பற்றி மிஞ்சியது ஒரே வரி: அப்பா மருத்துவமனைக்குப் போன நாட்களில் எட்டுத் தறிகளை நான் கவனித்துக்கொண்டேன்.

“அப்பாவுக்கு ஒரு வரிதானுங்களா?” என்றாள். அவளுக்கு மனம் ஆறவில்லை. அவருடைய நோயை அவரைக் கேட்காமல் ஊருக்குச் சொல்வது சரியல்ல, அந்த ஒரு வரியையும் அவரிடம் படித்துக்காட்டிவிட்டு அனுப்பு என்று சொன்னேன்.

தமிழில் சொல்லிக் காட்டியிருக்கிறாள். அவர் ஒன்றைத்தான் திருத்தினாராம்: எட்டு இல்லை, ஆறு. இரண்டு தறிகளை அதற்கு முன்பே விற்றாகிவிட்டது.