ஒரு சார்ஜில் சென்னை போகுமா?

கும்பகோணத்தில் கார் பட்டறை நடத்தும் என்னிடம் மின்சாரக் கார் பற்றி விசாரிக்க வருபவர்கள் முதலில் கேட்பது, "ஒரு சார்ஜில் சென்னை போகுமா?" என்பதுதான். தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பலருக்கும் விடை தெரிவதில்லை.

பாபநாசம் பக்கம் உரக்கடை வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர், பெரிய பேட்டரி வண்டிக்கு முன்பணம் கட்டப்போகும் தறுவாயில் வந்தார். அவருடைய பெட்ரோல் காரின் மீட்டரைப் பார்த்தேன். நான்கு ஆண்டுகளில் 38,000 கிலோமீட்டர், அதாவது நாளொன்றுக்கு 26. "சென்னைக்கு வருஷத்துல ரெண்டு தடவைதாங்க, பொண்ணு வீட்டுக்கு" என்றார். மின்சாரக் காரில் விலை மிகுந்த உறுப்பே பேட்டரிதான் என்பதால், அந்த இரண்டு பயணங்களுக்காகத்தான் அவர் சில லட்சங்களைக் கூடுதலாகக் கொடுக்க இருந்தார்.

விளம்பரத்தில் வரும் தூரத்தையும் அப்படியே நம்பக் கூடாது. 2022இல் டாடா டியாகோ மின்சாரக் கார் அறிமுகமானபோது, அதன் 24 கிலோவாட்-மணி (அதாவது 24 யூனிட் கரண்ட் பிடிக்கும்) பேட்டரிக்கு 315 கிலோமீட்டர் என்று சொல்லப்பட்டது. அது சோதனைக்கூடத்தில் மிதமான வேகத்தில் அளந்த கணக்கு. கத்திரி வெயிலில் ஏசி போட்டுக்கொண்டு, தஞ்சாவூர்–திருச்சி நான்குவழிச் சாலையில் தொண்ணூறில் போனால் காற்றின் எதிர்ப்பே பேட்டரியைத் தின்றுவிடும். சொன்னதில் மூன்றில் இரண்டு பங்கு, ஏறத்தாழ 210 கிலோமீட்டர், என்று வைத்துக்கொள்வதே என் வழக்கம். அப்படிக் குறைத்துப் பார்த்தாலும் உரக்கடைக்காரருக்கு வாரம் ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும்.

இனி விலை. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய், வண்டி லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்றால், கிலோமீட்டருக்கு ஆறரை ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் ஓடும் மின்சாரக் காருக்கு, யூனிட் பத்து ரூபாய் என்றே கொண்டாலும் ஒன்றரை ரூபாய்தான். கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் மிச்சம். பெட்ரோல் காருக்கும் மின்சாரக் காருக்கும் விலை வித்தியாசம் மூன்று லட்சம் என்றால், ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுபவர் அதை ஐந்தாண்டில் மீட்டுவிடுவார். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வண்டியை எடுத்து 3,000 கிலோமீட்டரோடு நிறுத்துபவருக்கு இருபது ஆண்டு ஆகும். அப்படிப்பட்டவர்களிடம் பழைய வண்டியையே ஓட்டுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

விலைப்பட்டியலில் வராத செலவும் உண்டு. சார்ஜுக்கென்று தனி வயரும் 15 ஆம்பியர் பிளக்கும் நல்ல எர்த்தும் வேண்டும். திண்ணை வைத்த பழைய தெரு வீட்டுக்காரர்கள் வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக வயரை இழுக்கலாமா என்கிறார்கள், கூடாது. வயல் பம்புசெட்டின் இலவச மின்சாரத்தில் போடலாமா என்று சிரித்துக்கொண்டே கேட்பவர்களும் உண்டு. விவசாயத்துக்குக் கொடுத்த இணைப்பில் காருக்குச் சார்ஜ் போடுவது சட்டப்படி தவறு.

2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்த வேதாரண்யம் பக்கத்துக்காரர்களிடம் மட்டும், வீட்டில் ஒரு பெட்ரோல் பைக்காவது இருக்கட்டும் என்பேன்.

உரக்கடைக்காரர் சின்ன பேட்டரி வண்டியையே எடுத்தார். பெண் வீட்டுக்குச் சோழன் எக்ஸ்பிரஸில் போய்வருகிறார்.