தொழிற்சங்கம் வேறு, துறைஞர் கழகம் வேறு

பொறியாளர்களின் துறை அமைப்பை, அதாவது ஆங்கிலத்தில் "புரொஃபஷனல் பாடி" எனப்படுவதை, "தொழிற்சங்கம்" என்று எழுதும் வழக்கம் நம் அறிவிப்புகளிலும் மேடைகளிலும் ஊன்றிவிட்டது. பொருள் புரிந்தால் போதாதா என்று கேட்கிறார்கள். பொருள்தான் புரியவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்தில் "சங்கம்" என்றாலே 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம்தான் நினைவுக்கு வரும். சந்தா, சம்பளப் பேச்சு, கூட்டு ஒப்பந்தம், தேவைப்பட்டால் போராட்டம். கோயில் மண்டபத்தில் நடக்கும் உயர்கல்வி விளக்கக் கூட்டத்தில் "மலேசியப் பொறியியலாளர் தொழிற்சங்கத்தில் மாணவராக இருக்கும்போதே சேரலாம்" என்று ஒருவர் சொன்னால், செம்பனைக் குலை அறுத்துப் பிள்ளையைப் படிக்கவைக்கும் தகப்பன் என்ன நினைப்பார்? "முதல்ல படிப்ப முடிப்பா, சங்கமெல்லாம் வேல கெடச்ச பிறகு பாத்துக்கலாம்" என்பார். அவர் மேல் குற்றமில்லை. அவரிடம் தவறான சொல்லைக் கொடுத்தவர்கள் மேல்தான் குற்றம்.

சொல் வரலாறு சுருக்கமாக. சங்கம் வடமொழி வழி வந்தது, கூட்டம் என்று பொருள். தொழில் நம் சொல். வேலை, வணிகம், உற்பத்தித் துறை எல்லாவற்றையும் அது ஒன்றே சுமக்கிறது. தொழிலாளி, தொழிலதிபர் இரண்டு பேருக்குள்ளும் அதே தொழில் இருக்கிறது. ஆகவே தொழிற்சங்கம் என்ற கூட்டுச்சொல்லைப் பிரித்துப் பார்த்தால் யாருக்கும் பொருந்தும். ஆனால் நூறாண்டுப் பழக்கம் அதைத் தொழிலாளரிடம் கொடுத்துவிட்டது. 1918இல் தோன்றி, திரு.வி.க. பாடுபட்ட சென்னை அமைப்பின் பெயரோ இன்னும் தெளிவு: சென்னைத் தொழிலாளர் சங்கம். யாருடைய சங்கம் என்பது பெயரிலேயே இருக்கிறது.

இப்போது ஒரு தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். குலை அறுப்பவர் தொழிலாளர் சங்கத்தில் இருக்கிறார். தோட்டத்தை நடத்தும் கம்பெனி, சம்பளப் பேச்சில் எதிர்ப்பக்கம் உட்காரும் மாப்பா எனும் முதலாளிகள் அமைப்பில் இருக்கிறது. துரை எனும் தோட்ட மேலாளர்? அவரும் சம்பளம் வாங்குபவர்தான். தம் துறை அறிவுக்காக அவர் சேரக்கூடிய தோட்ட நிர்வாகிகள் கழகம் 1919இலிருந்து இருக்கிறது; தேர்வு வைக்கிறது, இதழ் நடத்துகிறது, யாருக்காகவும் சம்பளம் பேசுவதில்லை. ஒரே தோட்டத்தில் மூன்று அமைப்புகள், மூன்று வேலைகள். மூன்றையும் "சங்கம்" என்று எழுதிவிட்டால் யார் யாரோடு ஒப்பந்தம் போட்டார்கள் என்பதே படிப்பவருக்குத் தெரியாது.

பொறியியலில் இந்தப் பிரிவினை இன்னும் பழையது. பிரிட்டனில் கட்டுமானப் பொறியாளர் கழகம் 1818இல் தொடங்கியது, இயந்திரப் பொறியாளர் கழகம் 1847இல். இயந்திரத் தொழிலாளர்களின் ஒன்றிணைந்த சங்கம் 1851இல் வந்தது. முதலாளிகள் தங்களுக்கென ஒரு கூட்டமைப்பை 1896இல் அமைத்தார்கள். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை கேட்ட தொழிலாளரை இந்தக் கூட்டமைப்பு கதவடைப்பால் எதிர்கொண்டது. 1897 ஜூலையிலிருந்து 1898 ஜனவரி வரை இழுத்தது. தொழிலாளர் கேட்டது கிடைக்காமலேயே திரும்பினார்கள். கதவை அடைத்தவர்களையும் வெளியே நின்றவர்களையும் ஒரே சொல்லால் அழைத்து இந்த வரலாற்றைத் தமிழில் எழுத முடியுமா?

சட்டத்தைக் காட்டி வாதாடுவோர் உண்டு. நம் நாட்டின் 1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் முதலாளிகளின் அமைப்பையும் தொழிற்சங்கமாகவே பதிய இடம் தருகிறது, உண்மைதான். ஆனால் அது பதிவுக்கான வகைப்பாடு. அதை அப்படியே செய்தித் தலைப்பில் போட்டால் ஊர் குழம்பும். மேலும், அந்தச் சட்டத்தைக் காட்டினாலும் பொறியாளர் கழகம் அதற்குள் வராதே.

"நிபுணத்துவ அமைப்பு" என்பது அடுத்த போட்டிச் சொல். தொழிற்சங்கத்தைவிடப் பரவாயில்லை, ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. நிபுணர் என்றால் கரைகண்டவர். நேற்றுப் பட்டம் வாங்கிய பெண் கழகத்தில் உறுப்பினராகலாம். அவர் இன்னும் நிபுணர் இல்லை. "புரொஃபஷனல்" என்ற ஆங்கில மூலச்சொல்லின் வேரிலும் திறமை இல்லை, பலரறிய உறுதி கூறுதல்தான் இருக்கிறது. ஒரு துறையின் ஒழுக்க நெறிக்குக் கட்டுப்படுகிறேன் என்று ஒப்புக்கொள்வதே அதன் கரு. "தொழில்சார் அமைப்பு" என்பதோ எதையும் சொல்லாமல் நழுவுகிறது. தோட்டத்து மளிகைக்கடைக்காரர்கள் கூடினாலும் அது தொழில்சார் அமைப்புதான்.

நான் சொல்வது துறைஞர் கழகம். கலைஞர், அறிஞர் போல ஒரு துறையில் நிற்பவர் துறைஞர். கழகம் எதற்கு, அது கட்சிப்பெயர் ஆகிவிட்டதே என்பார்கள். திருக்குறளில் சூது அதிகாரத்தில் கழகம் சூதாடும் இடமாகவே வருகிறது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் மலேசியத் தமிழர் காதில் கழகம் என்றால் முதலில் பல்கலைக்கழகம். கற்றோர் கூடும் இடம் என்ற பொருள் உயிரோடு இருக்கிறது, அது போதும்.

முதலாளிகள் விஷயத்தில் தூய்மைவாதிகளோடு எனக்குச் சண்டை. "பணியமர்த்துநர் ஒன்றியம்" என்று எழுதுகிறார்கள். வாயில் நுழையாத சொல்லை யார் பயன்படுத்துவார்? முதலை ஆள்பவர் முதலாளி. கம்பெனிக்கும் அது பொருந்தும், தோட்டத்துப் பாட்டிக்கும் புரியும். முதலாளிகள் சங்கம் என்றே எழுதுங்கள்.

இத்தனைக்கும் நம் அறிவிப்புகளுக்கு மூலமான மலாய் அறிக்கையில் குழப்பமே இல்லை. தொழிலாளருக்குக் கெசத்துவான், முதலாளிகளுக்குப் பெர்சத்துவான், பொறியாளர் கழகத்துக்கு இன்ஸ்டிடூசி, பதிவு செய்யும் அரசு அமைப்புக்கு லெம்பாகா. நாலு சொல்லும் மொழிபெயர்ப்பாளர் மேசைக்கு வந்ததும் சங்கம் ஆகிவிடுகின்றன. அவசரம் என்பது எனக்குத் தெரியும், ஆனால் நாலு சொல்லை எழுதிச் சுவரில் ஒட்டிவைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

கடைசிச் சொல்லான லெம்பாகாவில்தான் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். 1959இல் தொடங்கிய மலேசியப் பொறியாளர் கழகத்தில் சேர்வது அவரவர் விருப்பம். மலேசியப் பொறியாளர் வாரியம் அப்படியில்லை. 1967ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்கீழ் 1972இல் அமைந்தது. பட்டதாரி முதலில் அங்கே பதிய வேண்டும். அப்புறம் குறைந்தது 3 ஆண்டு அனுபவம், மதிப்பீட்டுத் தேர்வு, அதன் பிறகே பெயருக்கு முன்னால், முழுத் தகுதி பெற்ற பொறியாளரைக் குறிக்கும் "இர்." போட்டுக்கொள்ளும் நிலை. அதை வாரியம் என்று எழுத வேண்டும். "பொறியாளர் சங்கத்தில் பதிந்துகொள்ளுங்கள்" என்று எழுதினால், பையன் கழகத்துக்குச் சந்தா கட்டிவிட்டுப் பதிவு முடிந்தது என்று வீட்டில் உட்கார்ந்திருப்பான்.