விண்மீனுக்குள் பிறந்த டெக்னீஷியம்

கார்பனும் ஆக்சிஜனும் இரும்பும் விண்மீன்களில் உருவானவை என்று இன்று பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. ஆனால் விண்மீனுக்குள் புதிய தனிமம் உருவாகிறது என்பதற்கு நேரடிச் சாட்சி கிடைத்தது 1952-இல்தான். அந்தச் சாட்சி டெக்னீஷியம்.

தனிம அட்டவணையில் அதன் எண் 43. மாங்கனீசுக்குக் கீழே ஒரு தனிமம் இருந்தே தீர வேண்டும் என்று மெண்டலீவ் இடம் விட்டு வைத்தார். பலர் தாதுக்களில் தேடியும் அகப்படவில்லை. 1937-இல் இத்தாலியின் பலெர்மோவில் கார்லோ பெரியரும் எமிலியோ செக்ரேயும் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு உதவியது, அமெரிக்காவின் பெர்க்லியில், அணுத்துகள்களை வேகப்படுத்தும் சைக்ளோட்ரான் கருவிக்குள் கதிர்களின் தாக்குதலுக்கு உள்ளான ஒரு மாலிப்டினத் தகடு. டெக்னீஷியத்துக்கு நிலையான ஐசோடோப்பு, அதாவது சிதையாமல் இருக்கும் அணு வகை, ஒன்றுகூடக் கிடையாது. அதிக காலம் தாங்கும் வகைக்கே அரை ஆயுள் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) சுமார் 42 லட்சம் ஆண்டுகள். பூமியின் வயதோ சுமார் 450 கோடி ஆண்டுகள். பூமி பிறந்தபோது எவ்வளவு இருந்திருந்தாலும் அது என்றோ சிதைந்து போயிருக்கும்.

மவுண்ட் வில்சன் ஆய்வகத்தைச் சேர்ந்த பால் மெரில், ஆர் ஆண்ட்ரோமெடே போன்ற முதிர்ந்த செந்நிற விண்மீன்களின் நிறமாலையை, அதாவது நிறங்களாகப் பிரித்த ஒளியை, ஆராய்ந்தார். அதில் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கோடுகளைப் பதிக்கும். 4238, 4262, 4297 ஆங்ஸ்ட்ராம் அலைநீளங்களில் டெக்னீஷியத்தின் கோடுகள் தெரிந்தன. அந்த விண்மீன்கள் பிறந்து பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே அவற்றில் தெரியும் டெக்னீஷியம் பிறக்கும்போதே கூட வந்ததாக இருக்க முடியாது. அண்மையில், அங்கேயே, உருவாகியிருக்க வேண்டும்.

எப்படி? பெருவெடிப்பின் முதல் சில நிமிடங்களில் கிடைத்தது ஹைட்ரஜன், ஹீலியம், சிறிதளவு லித்தியம், அவ்வளவுதான். மற்றவற்றில் இரும்பு வரையிலான பெரும்பாலானவை விண்மீன்களில் அணுக்கரு இணைவால் வந்தன. இரும்பைத் தாண்டி இணைத்தால் ஆற்றல் கிடைக்காது, செலவாகும். போதாததற்கு, கனமான அணுக்கருவின் நேர்மின்சுமை நெருங்கி வரும் புரோட்டானைத் தள்ளிவிடும். நியூட்ரானுக்கு மின்சுமையே இல்லை என்பதால் அது தடையின்றி உள்ளே நுழையும்.

முதிர்ந்த விண்மீனின் உள்ளடுக்கில் கார்பன்-13 அணுக்கரு (13 என்பது அதிலுள்ள புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கை) ஹீலியத்துடன் சேர்ந்து ஆக்சிஜன்-16 ஆகும்போது ஒரு நியூட்ரான் வெளியேறுகிறது. முந்தைய தலைமுறை விண்மீன்கள் விட்டுச்சென்ற இரும்பு அணுக்கருக்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. அடுத்த நியூட்ரான் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் நிலையற்ற அணுக்கருவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, தனிமம் ஒரு எண் மேலே ஏறிவிடுகிறது. இப்படி ஏறி ஏறி மாலிப்டினம்-98 வந்ததும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு நியூட்ரான் சேர்ந்தால் மாலிப்டினம்-99. அதன் அரை ஆயுள் 66 மணி நேரம். அது சிதைந்தால் டெக்னீஷியம்-99. மருத்துவமனைகளில் எலும்பு ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீஷியத்தையும் இதே மாலிப்டினம்-99 சிதைவிலிருந்துதான் பெறுகிறார்கள்!

விண்மீனின் உட்பொருள் அவ்வப்போது கொந்தளித்து மேலே வரும்போது டெக்னீஷியமும் மேற்பரப்புக்கு வருகிறது. மெரில் கண்டது அதைத்தான்.

இந்த மெதுவான ஏற்றம் பிஸ்மத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் போனால் பொலோனியம் சிதைந்து மறுபடி ஈயத்துக்கே திரும்பிவிடும். யுரேனியத்துக்கும், தங்கத்தின் பெரும்பகுதிக்கும் நியூட்ரான்கள் நொடிக்குள் கொட்டும் சூழல் வேண்டும். 2017 ஆகஸ்ட் 17 அன்று பதிவான, நியூட்ரான் விண்மீன்கள் எனப்படும் மிக அடர்ந்த விண்மீன் எச்சங்களின் மோதல் அப்படிப்பட்டது. சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் நடந்த அந்த மோதலின் ஒளியில், இரும்பைவிடக் கனமான ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமம் இருந்ததை 2019-இல் அடையாளம் கண்டார்கள். தங்கம் உருவாகும் இடம் என்பதால் உலகமே அந்த மோதலைப் பற்றிப் பேசியது. ஆனால் விண்மீன் ஒரு தனிம உலை என்பதை நிரூபித்த பெருமை டெக்னீஷியத்துக்கே உரியது என்பேன்.

டெக்னீஷியம்-99-இன் அரை ஆயுள் சுமார் 2.1 லட்சம் ஆண்டுகள். சிதைந்தால் ருத்தீனியம்-99 ஆகும். 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில், சூரியனுக்கும் முந்தைய விண்மீன்களில் உறைந்த சிலிக்கான் கார்பைடு துகள்கள் உள்ளன. அவற்றில் ருத்தீனியம்-99 எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருப்பதை 2004-இல் அறிவித்தார்கள். அந்தக் கூடுதல் ருத்தீனியம், துகள் உருவானபோது டெக்னீஷியமாக இருந்தது.