நெல்லின் பாரம் எங்கே போகிறது?

எங்கள் பாட்டி வீட்டுக் கூடத்தில் நெல் கொட்டி வைக்கும் மரப் பத்தாயம் ஒன்று ஆளுயரத்துக்கு மேல் இருந்தது. அடியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு வாய், அதை மூட ஒரு சின்னப் பலகை. அறுவடை முடிந்து பத்தாயம் வழிய வழிய நிறைந்திருக்கும்போதும் அந்தப் பலகையை ஒரு கையால் தூக்கிவிடலாம். நெல் சரசரவென்று வந்து விழும். வாய்க்கு முன்னால் சின்னக் குவியலாகச் சேர்ந்ததும் தானே நின்றுவிடும். அள்ளினால் மறுபடி கொட்டும். உள்ளே அத்தனை மூட்டை நெல் அழுத்திக்கொண்டிருக்க, ஒரு பலகை எப்படித் தாங்கியது?

தண்ணீராக இருந்தால் கதையே வேறு. தொட்டியில் மட்டம் ஏற ஏற அடியில் அழுத்தமும் ஏறிக்கொண்டே போகும். நெல் அப்படியில்லை. மணிகள் ஒன்றோடொன்று உரசுகின்றன, சுவரோடும் உரசுகின்றன. மேலே கிடக்கும் நெல் தன் பாரத்தில் ஒரு பங்கைச் சுவர்மேல் சாய்த்துவிடுகிறது. உரசல் அதைப் பிடித்துக்கொள்கிறது. கிடங்கின் அகலத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு உயரம் வந்துவிட்டால், அதற்குமேல் எவ்வளவு கொட்டினாலும் அடியில் அழுத்தம் பெரிதாக ஏறாது. இதை 1895இல் கணக்காக எழுதிக் காட்டியவர் யான்சென் என்ற ஜெர்மானியப் பொறியாளர். தானியக் கிடங்கு கட்டுகிறவர்களுக்கு இன்றும் அவருடைய சூத்திரம்தான் பாலபாடம்.

சரி, அடிக்கு வராத பாரம் சுவருக்குப் போகிறது. சுவர் என்ன செய்யும்? அதைப் பார்க்க தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் போக வேண்டும். அங்கே திருப்பாலைத்துறை பாலைவனநாதர் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று நிற்கிறது. 1600க்கும் 1634க்கும் இடையில் கட்டியது. வட்டமான செங்கல் சுவர், மேலே கூம்பிய கூரை, உயரம் சுமார் 36 அடி, சுற்றளவு 80 அடிக்கு மேல். கொள்ளளவு பழைய முகத்தல் அளவையில் 3,000 கலம். கலத்துக்கு 12 மரக்கால் என்றால் 36,000 மரக்கால் நெல்! கோயில் நிலத்து வருமானம் பணமாக வராமல் நெல்லாக வந்து குவிந்த காலம் அது. திருவரங்கம் கோயிலிலும் இப்படி உருளைக் களஞ்சியங்கள் உண்டு.

செங்கல்லுக்கு ஒரு குணம். மேலிருந்து அழுத்தினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும். நெல்லின் உரசல் சுவரைக் கீழ்நோக்கித்தான் அழுத்துகிறது, அது செங்கல்லுக்குத் தோதான வேலை. பயப்பட வேண்டியது பக்கவாட்டுத் தள்ளலுக்கு. சதுர அறையாக இருந்தால் சுவரின் நடுப்பகுதி வெளியே பிதுங்கி மூலைகள் விரிசல் விடும். வட்டச் சுவரில் அந்தத் தள்ளல் சுற்றிலும் ஒரே சீராகப் பரவிவிடும். மிச்சத்தைச் சுவரின் கனம் பார்த்துக்கொள்ளும். யான்சென் பிறப்பதற்கு முன்பே காவிரிக்கரைக் கொத்தனார்கள் இதைக் கையால் அறிந்திருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இன்றைய இரும்புக் கிடங்கும் வட்டம்தான். ஆனால் இரும்பு இழுவையைத் தாங்கும், அதனால் மெல்லிய தகடே போதும். அந்த மெல்லிய தகட்டுக்கு ஒரு தொல்லை உண்டு. இரவில் சட்டென்று குளிர்ந்துபோகும். உள்ளே இருக்கும் ஈரக்காற்று அதில் பட்டு நீராகி நெல்லின்மேல் சொட்டும், பூசணம் பிடிக்கும். கனத்த செங்கல் சுவர் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறுவதால் இந்தத் தொல்லை குறைவு.

களஞ்சியத்துக்கும் பத்தாயத்துக்கும் மூத்தது குதிர். ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்று பிள்ளை உளறிய கதை எல்லோருக்கும் தெரியும். ஓர் ஆள் ஒளிந்துகொள்ளும் அளவு பெரியது என்பதற்கு அதுவே சாட்சி. வைக்கோல் கலந்த மண்ணில் உறை உறையாகச் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூட்டுகளை மண்ணால் பூசி, வாயையும் அடைத்துவிடுவார்கள். நெல்லும் மூச்சு விடுகிறது, அதிலிருக்கும் வண்டும் மூச்சு விடுகிறது. அடைத்த குதிருக்குள் பிராணவாயு குறையக் குறைய வண்டு சோர்ந்து பெருகாமல் போகும். கூடவே போடும் நொச்சி இலையும் வேப்பிலையும் பூச்சியை விரட்டும். ஆனால் நெல் நன்றாகக் காய்ந்திருந்தால்தான் இதெல்லாம் பலிக்கும். ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று இன்று கருவி வைத்துப் பார்க்கிறோம். பாட்டி ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பாள், நறுக்கென்று உடைந்தால் சரி.

இந்தக் கட்டடங்களைப் பழுதுபார்க்கிறோம் என்று சிமென்ட் பூசுவதைப் பார்க்கும்போது மனது பதறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு வழியாகச் சுவரின் ஈரம் வெளியே போகும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். வெளியேற வழியில்லாத ஈரமும் உப்பும் செங்கல்லை உள்ளுக்குள்ளேயே பொடியாக்கும். பூச்சு மட்டும் பளபளப்பாக நிற்கும்.

திருப்பாலைத்துறைக் களஞ்சியத்துக்குத் தொல்லியல் துறை காவல் இருக்கிறது. வீட்டுப் பத்தாயத்துக்கு யாரும் இல்லை. எங்கள் பத்தாயத்தை மர விலைக்குக் கொடுத்தபோது நான் வெளியூரில் இருந்தேன். அதன் கதவுப் பலகையில் பாட்டி கரிக்கோடு போட்டு மரக்கால் கணக்கு வைத்திருந்தாள். உங்கள் வீட்டில் இன்னும் ஒன்று இருந்தால், விற்கும் முன் வாயின் உயரத்தையும் பலகைகள் கோத்த விதத்தையும் அளந்து, படம் எடுத்து, எந்தப் பாகத்துக்கு என்ன பெயர் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.